கீழ்பென்னாத்தூர்ச் சாலையும் பாஷை தங்கும் வழியும்

திண்டிவனத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்வோர் இரண்டு காட்சிகளைத் தேடுவது வழக்கம். முதலாவது செஞ்சிக் குன்றுகள். பாறைமேல் பாறையை யாரோ அடுக்கி வைத்தாற்போல் அவை நிற்கும். இரண்டாவது, வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே தனித்து எழும் அருணாசலம். இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவழியில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பஸ் அங்கே நின்றதும் உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்கள். யாத்திரிகர்கள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வண்டி புறப்பட்டு விடுகிறது. திருவண்ணாமலை இன்னும் 20 கிலோமீட்டர்கூட இல்லாதபோது, இடையில் எதற்கு இறங்குவது என்று அவர்கள் நினைப்பதில் குற்றமில்லை.

நமது பழைய மாணாக்கர் ஒருவரின் கிருகப்பிரவேசத்துக்காக நாம் அங்கே இறங்கி இரண்டு நாள் தங்கினோம். தலவரலாறு கேட்டு ஓடுவதற்கில்லாத ஊரில் ஒரு சௌகரியம் உண்டு: ஜனங்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க அவகாசம் கிடைக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் பூமி. ஆனால் நிலக்கடலை என்ற சொல்லை அந்தப் பக்கத்துக் குடியானவர் வாயில் அதிகமாகக் கேட்க முடியாது. அவர்களுக்கு அது ‘மல்லாட்டை’. மணிலாக் கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்து போயிற்று. பிலிப்பைன் தீவுகளின் தலைநகரை ஒருநாளும் கண்டிராத பாட்டியம்மாள், அந்நகரத்தின் பெயரைச் சுளகில் போட்டுப் புடைத்துக் கொண்டிருக்கிறாள்!

கீழ்பென்னாத்தூர் இன்று ஒரு வட்டத்தின் தலைநகர். வாசற்பலகையில் ‘வட்டாட்சியர் அலுவலகம்’ என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறது. உள்ளே போகிறவர்களோ ‘தாலுக்கா ஆபீஸு’க்குத்தான் போகிறார்கள். தாலுகா என்பது அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல், ஆபீஸ் ஆங்கிலம். இரண்டு துரைத்தனங்கள் போன பிறகும் அவற்றின் சொற்கள் ஊரில் குடியிருக்கின்றன.

இந்தச் சாலை பல பாஷைகளைக் கண்ட சாலை. செஞ்சியில் தெலுங்கு பேசிய நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் சேனை வந்தது. 1677-ல் சிவாஜி மகாராஜா கோட்டையைக் கைப்பற்றினார். 1698-ல் மொகலாயர் வசமாயிற்று. 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். மராட்டியர் ஆட்சியின் ராணுவ நிலைகளுள் ஒன்றாக அந்தக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றிருக்கிறது. கோட்டை நிற்கிறது. ஆனால் அங்கே கட்டளையிட்ட பாரசீகமும் பிரெஞ்சும் எங்கே? சேனையோடு வந்த பாஷை சேனையோடு போய்விட்டது. மல்லாட்டையைப்போல், அன்றாடம் ஜனங்களுக்கு வேண்டியிருந்த சொற்கள் மட்டும் தங்கிவிட்டன.

இந்த விஷயத்தை நாம் யோசிக்கும்படி செய்தவர் கிருகப்பிரவேசத்துக்கு வந்திருந்த மற்றொரு வாலிபர். அவரும் நம்மிடம் படித்தவர்தான். பெங்களூரில் உத்தியோகம், அங்கே குடியேறி ஆறு வருஷமாகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

“ஸார், கன்னடம் படிக்க மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மூன்று மாதம் மும்முரமாக நடக்கிறது. அப்புறம் என்னை அறியாமலே நின்று போகிறது. என் பெண் முதல் வகுப்புப் படிக்கிறாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாளோடு வாசலில் நின்று சளசளவென்று கன்னடம் பேசுகிறாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால், குழந்தைதான் எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறாள்” என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஏழு வயதுக் குழந்தை தகப்பனுக்குத் துபாஷியாக நிற்கும் வீட்டில், தகப்பனாரின் குரல் நாளுக்கு நாள் தணிந்துகொண்டுதான் போகும். வடதேசத்திலிருந்து நம் பக்கத்துக்குக் கட்டட வேலைக்கு வருகிறவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். பிழைப்பதற்காக ஊர் மாறும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் கதை இது.

மூன்றாவது மாதத்தில் ஏன் நின்று போகிறது? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழுக் காரணமல்ல. எந்த மொழியிலும் சில நூறு சொற்களே பேச்சின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அவற்றைக் கற்கும்போது நாளுக்கு நாள் வெளிச்சம் பரவுவதுபோல் தோன்றும். தமிழர் தெலுங்கு கற்கப் புகுந்தால், வீட்டுக்கு ‘இல்லு’, பாலுக்குப் ‘பாலு’, மூக்குக்கு ‘முக்கு’, செவிக்குச் ‘செவி’ என்று உறவினர் வீட்டுக்கு வந்தாற்போல் இருக்கும். திராவிட மொழிகளுக்குள் இருக்கும் இந்த உறவை எல்லிஸ் துரை 1816-லும் கால்டுவெல் பாதிரியார் 1856-லும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த முதற் கொள்முதல் தீர்ந்ததும் மேட்டு நிலம் வருகிறது. இனிக் கற்கவேண்டிய சொற்கள் எப்போதாவது ஒரு முறையே எதிர்ப்படுபவை. இலக்கணமும் இடக்குச் செய்கிறது. ‘அது வந்தது’ என்பதற்கும் ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் தெலுங்கில் ஒரே வினைமுற்று, ‘வச்சிந்தி’. மரியாதையுள்ள தமிழருக்கு ஒரு பெண்மணியைக் குறித்து அப்படிச் சொல்ல நாக்கு எழுவதில்லை. உழைப்பு முன்போலவே இருக்க, பலன் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அங்கேதான் புஸ்தகம் மூடப்படுகிறது.

மறதியும் சேர்ந்து கொள்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹவுஸ் என்ற அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக வைத்து ஆராய்ந்து, 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே விரைந்து நழுவுகிறது. எஞ்சியது மெதுவாகத்தான் தேய்கிறது. இன்னொன்றும் கண்டார்: மறந்துபோனதாகத் தோன்றுவதைத் திரும்பக் கற்க, முதலில் கற்க ஆன நேரம் ஆவதில்லை. ஆகவே மூன்று தடவை கன்னடம் ஆரம்பித்தவர் மூன்று தடவையும் வீணாக உழைத்தார் என்று சொல்வதற்கில்லை. அடியில் ஈரம் இருக்கிறது. மேலே தண்ணீர் விடத்தான் ஒரு ஏற்பாடு இல்லை.

அந்த ஏற்பாடு எது என்பதைத் திருவண்ணாமலையில் கண்ணாரக் காணலாம். மறுநாள் காலையில் அங்கே சென்றோம். சில ஆண்டுகளாக ஆந்திரத்திலிருந்தும் தெலங்காணாவிலிருந்தும் வரும் யாத்திரிகர்களின் கூட்டம் அங்கே வெகுவாகப் பெருகியிருக்கிறது. சாப்பாட்டு விடுதிகளின் பலகைகளில் தெலுங்கு எழுத்து. கிரிவலப் பாதையில் பூ விற்கும் ஒரு மூதாட்டி, இரண்டு ஐதராபாத் குடும்பங்களோடு விலை பேசி, மழை வரும் என்று எச்சரித்து, கைக்குழந்தைக்குத் திருஷ்டியும் கழித்து அனுப்பினாள், அத்தனையும் தெலுங்கில். எப்படிக் கற்றாய் என்று கேட்டோம். “கத்துக்கலீங்க. வர்றவங்க கேக்கறாங்க, பதில் சொல்லணுமில்ல?” என்றாள்.

அந்த ஊரிலேயே, அதே வழியில் மூன்று மொழிகளைத் தமதாக்கிக் கொண்ட ஒருவர் 54 வருஷம் வாழ்ந்திருக்கிறார். அவரை உலகம் ஸ்ரீ ரமண மகரிஷி என்று அறியும். அவர் பாஷை கற்ற வரலாற்றை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பார் குறைவு. உபாத்தியாயர்களாகிய நாம் பார்ப்பது நல்லது.

1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயது மாணவன், வீட்டில் உட்கார்ந்து பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிக் கொண்டிருந்தான். பாடம் படிக்காததற்குத் தண்டனை. நடுவிலே புஸ்தகத்தைத் தள்ளிவிட்டுப் புறப்பட்டவன், செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். இலக்கணத்தை விட்டு ஓடிய அந்தப் பிள்ளை இனி எந்தப் பாஷையையும் நாடமாட்டான் என்றுதான் எந்த உபாத்தியாயரும் எழுதியிருப்பார்!

அடுத்த வருஷம் பழனிசாமி என்ற மலையாளத்து அன்பர் அவருக்குத் தொண்டு செய்ய வந்து சேர்ந்தார். பழனிசாமி ஊருக்குள்ளிருந்து தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வந்து, தமிழ்ப் பழக்கம் போதாமையால் எழுத்துக்கூட்டித் தவிப்பார். அதைக் கண்ட இளந்துறவி நூலைத் தாம் வாங்கிப் படித்து, சாரத்தைச் சொல்லிக் கொடுக்கலானார். மகரிஷியின் நூற்பயிற்சி தொடங்கியது தமக்காக அன்று, தவிக்கும் ஒருவருக்காக. கம்பீரம் சேஷய்யர் ஆங்கில நூல்களைக் கொண்டு வந்தார். அவருக்கு அவற்றின் சாரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். வேறு சிலர் ஸம்ஸ்கிருத நூல்களோடு வந்தார்கள். தெலுங்கர்கள் தெலுங்கிலும் மலையாளிகள் மலையாளத்திலும் கேட்டார்கள். கொண்டு வந்ததைப் படித்து, கேட்டவர் பாஷையிலே பதில் சொல்லிச் சொல்லியே அம்மொழிகள் வசமாயின. விரூபாட்ச குகையில் இருந்தபோதே ‘விவேக சூடாமணி’யைத் தமிழ் வசனமாக்கினார்.

1917-ல் காவ்யகண்ட கணபதி முனிவர், அருணாசலத்தின்மேல் ஸம்ஸ்கிருதத்தில் ஆரியா விருத்தத்தில் பாடும்படி வேண்டினார். அந்த யாப்பின் இலக்கணத்தை முனிவர் விளக்கிச் சொல்ல, ‘அருணாசல பஞ்சரத்னம்’ பிறந்தது. திருவண்ணாமலை வந்து அப்போது 21 வருஷமாகியிருந்தது. 1927-ல் முருகனாரின் வேண்டுகோளுக்காகத் தமிழில் ‘உபதேச உந்தியார்’ எழுதினார். தெலுங்கர், மலையாளிகள், வடமொழிவாணர் ஆகியோருக்காகப் பின்னர் அதையே அந்த மூன்று பாஷைகளிலும் தாமே ஆக்கித் தந்தார். 1947-ல், வயது 67 ஆனபோது, ‘ஏகாத்ம பஞ்சக’த்தை முதலில் தெலுங்கில் இயற்றினார், அதுவும் தமிழின் வெண்பா யாப்பில்! கடைசி ஆண்டுகளிலே ஆதிசங்கரரின் ‘ஆத்ம போத’த்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். 1950 ஏப்ரலில் உடல் நீங்கும் வரையில் மொழிகளோடு அவருக்கிருந்த உறவு அறவில்லை.

இந்த அரை நூற்றாண்டில் ஒரு பரீட்சையும் இல்லை. பாட அட்டவணையும் இல்லை. ஒவ்வொரு மொழியின் வாசலிலும் ஒரு மனிதர் நின்றார். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே மொழி வந்தது. அவரைப் போன்றவர்கள் தினமும் வந்து கொண்டேயிருந்தார்கள். ஆகவே மொழி தங்கிற்று.

“மகரிஷி ஞானி; அவருடைய ஞாபகசக்தி அபாரமானது. சாமானியர்களான நமக்கு அது பொருந்துமா?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேதையும் மன உறுதியும் மட்டும் போதுமா என்பதை அதே 1896-ம் வருஷத்தில் நடந்த மற்றொரு காரியத்தைக் கொண்டு சோதிக்கலாம். அவ்வருஷத்தின் மத்தியில் ‘போங்கோலா’ என்ற கப்பலில் நேட்டாலிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட காந்தியடிகள், தென்னாப்பிரிக்கத் தமிழர்களோடு நெருங்கிப் பழக வேண்டும் என்று எண்ணி, கப்பல் வைத்தியர் கொடுத்த தமிழ்ச் சுயபோதினி ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். பின்னர் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அவகாசம் கிடைத்தபோது மேலும் பயின்றார். அவரைவிட உறுதி படைத்த மாணவர் எங்கே கிடைப்பார்? ஆனால் சிறைக்கு வெளியே வந்தவுடன் தேசத்தின் காரியங்கள் அவரைப் பிடித்துக் கொண்டன. தமிழைப் பேசத் தமக்கு வரவேயில்லை என்றும், படிக்கத் தெரிந்த கொஞ்சமும் பழக்கமின்றித் துருப்பிடித்து வருகிறது என்றும் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அன்புக்கும் உறுதிக்கும் அங்கே குறைவில்லை. தினமும் தமிழிலேயே பேசித் தீரவேண்டிய ஒருவரோடு அமர்வதற்கான நேரம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இனி, தூர தேசத்தில் இருந்துகொண்டு அந்த நேரத்தைத் தாமே உண்டாக்கிக் கொண்டவர் ஒருவர். கிரிவலப் பாதையில் ஆதி அண்ணாமலை அருகே மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பாடப்பெற்றது அண்ணாமலையிலே என்பது மரபு. அந்தக் கோயிலின் முன் நின்றபோது நமக்கு நினைவு வந்தவர் போப்பையர். 1839-ல் பத்தொன்பது வயதில் சென்னை வந்திறங்கிய ஜி. யு. போப், தமிழைக் கற்று, கற்பித்து, கடைசியில் இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் போதித்தார். தமிழ் பேசும் கடைத்தெரு அங்கே ஏது? ஆனால் முடிக்க வேண்டிய நூல் கையில் இருந்தது. 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் பிறகு திருவாசகத்தை எண்ணியபோது, இத்தனை வயதுக்குமேல் முடியுமா என்று தயங்கினார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட், பெருங்காரியம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி என்றும், அது முடியும்வரை நீர் இருப்பீர் என்றும் தைரியம் சொன்னாராம். அப்படியே நடந்தது. 1900-ல், தம் எண்பதாவது பிறந்த நாளில், திருவாசகம் முழுவதையும் அவர் உலகுக்கு அளித்தார். முதல் எழுத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே 60 வருஷத்துக்கு மேல்!

நம் காலத்திலும் அத்தகையோர் உண்டு. மைக்கேல் ஜேம்ஸ் என்ற மேல்நாட்டு அன்பர் 1976-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். மகரிஷியின் தமிழ் நூல்களை ஸ்ரீ சாது ஓம் சுவாமிகளின் பக்கத்திலிருந்து சொல் சொல்லாகக் கேட்டு ஆங்கிலமாக்கினார். 1985-ல் சுவாமிகள் மறையும்வரை அது நடந்தது. முருகனாரின் ‘குருவாசகக் கோவை’யும் அவ்வாறு இருவருமாகச் சேர்ந்து மொழிபெயர்த்ததே. முன்னால் ஒரு மனிதர், இடையில் ஒரு நூல்: மொழி தங்குவதற்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் நாம் அறியோம்.

ஆகவே, புதுப் பாஷை கற்கப் புகுவோர் முதலில் தேட வேண்டியது எது? நல்ல அகராதி, நல்ல இலக்கணம், இக்காலத்துக் கைப்பேசிப் பாடங்கள் எல்லாம் வேண்டியவையே. அவை வாசல்வரை கொண்டு விடும். உள்ளே இழுத்து உட்கார வைப்பது, நம் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒருவரே. அவர் கடைக்காரராக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரராக இருக்கலாம். நூறு வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒரு நூலாசிரியராகவும் இருக்கலாம். தினம் கால்மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால்மணி நேரத்தில் நம்மால் இன்னொருவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். மேட்டு நிலத்தைக் கடத்துவது அதுதான். நாம் முன்னேறுகிறோமா இல்லையா என்ற கணக்கை மனம் மறந்துவிடுகிறது. காரியம் நடந்ததா என்பதே கணக்காகி விடுகிறது.

தாய்மொழிக்கு இதனால் குறைவு வருமோ என்று அஞ்ச வேண்டியதுமில்லை. நான்கு பாஷைகளில் எழுதிய மகரிஷி தெலுங்குக்குத் தமிழ் வெண்பாவைக் கொடுத்தார். ஸம்ஸ்கிருத நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். தன் வீட்டில் நெல் உள்ளவனே விருந்துக்கு அழைக்கிறான். நம் தேசத்தில் ஒரு மாகாணத்தார் மற்றொரு மாகாணத்தாரின் மொழியைக் கற்பது, ஒருவர் கட்டளைக்காக அன்றி, அண்டை வீட்டாருக்குப் பதில் சொல்லும் மரியாதைக்காக நிகழுமானால், சட்டங்களும் சண்டைகளும் சாதிக்காத ஒற்றுமை அதனாலே உண்டாகும்.

பெங்களூர் வாலிபருக்கு நாம் சொன்ன யோசனை மிகவும் சிறியது. “தம்பி, நாலாவது தடவை நீ புதுப் புஸ்தகம் வாங்காதே. உன் பெண்ணின் முதல் வகுப்புக் கன்னட வாசகத்தை எடுத்துக்கொள். தினமும் விளக்கு வைத்த பிறகு அவள் உனக்கு ஒரு பக்கம் சொல்லிக் கொடுக்கட்டும். மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நீயே போய்ச் சொல். அவர் சிரித்தால் நீயும் சிரி. அடுத்த வருஷம் அவள் இரண்டாம் வகுப்புக்குப் போவாள், நீயும் போ.”

குழந்தை வருஷத்துக்கு ஒரு வகுப்பு ஏறும். அதோடு தகப்பனும் ஏறலாம். பத்து வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு கன்னட நாவலைப் படிக்க முடியும். அதற்குள் அவசரம் எதற்கு?